மெயினை நிறுத்து, டெஸ்டரை எடு

குசினியில் ஒரு பிளக் பேஸ் கறுத்துப்போனால் நாங்கள் மூன்று கிழமை காத்திருக்கிறோம். வயரிங் செய்கிற தம்பிக்குக் கோல் மேல் கோல். "நாளைக்கு வாறன் அக்கா" என்கிறார். நாளை வருகிறது, அவர் வருவதில்லை. அதுவரை சுவரோரம் ஒரே மல்ரி பிளக்கில் கேத்தலும் அயன் பொக்ஸும் ஃபிரிட்ஜும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கடைசியில் அவர் வந்து, தளர்ந்து கிடந்த திருகாணியை இறுக்கி, பேஸை மாற்றிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள். ஊர் முழுக்க அவரைத்தான் கூப்பிடுகிறது. தன் வீட்டுத் திருகாணிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நம்மைத்தான் நாலு கேள்வி கேட்கவேண்டும்.

யாருடைய கை இது?

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் அறுந்தது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இருந்தும் வாங்க வழியில்லை. குடாநாடு குந்தியிருந்து அழுததா? ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் ஒரு திரியைத் தொங்கவிட்டார்கள். போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்து எழுதியது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறந்த கரண்டில் றேடியோ முனகத் தொடங்கும். அக்கம்பக்கம் கூடி நின்று பி.பி.சி. தமிழோசை கேட்கும். சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். புகை மூக்கை அரித்தது, வண்டி ஓடியது.

எந்தப் பொறியியல் பீடமும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாழ். பல்கலைக்கழகத்துக்கு அப்போது அப்படியொரு பீடமே கிடையாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் அது தொடங்கியதே 2014இல்தான். சுன்னாகத்தின் வழியாகத் தேசிய மின்வலையோடு நாங்கள் திரும்ப இணைந்தது 2013இல். இருபத்துமூன்று ஆண்டு இடைவெளி! நடுவில் ஜெனரேற்றர் மின்சாரம் பகுதி பகுதியாக வந்துபோனது, அவ்வளவுதான். இத்தனையையும் கையாலேயே கடந்த வீட்டில், இன்று ஒரு பல்ப் ஹோல்டர் உடைந்தால் ஆள் வரும்வரை இருட்டில் சாப்பிடுகிறார்கள்.

வெளிநாட்டுக் காசு நல்லது. அதை நம்பி எத்தனையோ கூரை எழும்பியது. ஆனால் அது வந்த வேகத்தில் கை சோம்பிவிட்டது. வேடிக்கை என்ன தெரியுமா? காசு அனுப்புகிற தம்பி ரொறன்ரோவில் ஆளைக் கூப்பிட்டால் கட்டாது என்று தன் வீட்டுக் குழாயையும் கதவையும் தானே திருத்துகிறார். அவர் மிச்சம் பிடித்து அனுப்புகிற காசில் இங்கே நாங்கள் ஆள் வைத்து பல்ப் மாற்றுகிறோம்.

எழும்புங்கள். ஆனால் எழும்பும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டைனமோ தந்தது 6 வோல்ற்று. அது யாரையும் கடித்ததில்லை. உங்கள் சுவருக்குள் ஓடுவது 230 வோல்ற்று. அது மன்னிக்காது. "நான் எத்தனை தரம் இப்படிச் செய்திருக்கிறன், ஒண்டும் நடக்கேல்லை" என்று மார்தட்டி, மெயின் சுவிச்சை நிறுத்தாமல் ஹோல்டருக்குள் விரலை விடுகிறவர் வீரர் இல்லை. அவருக்கு இன்னும் முறை வரவில்லை, அவ்வளவே. நான் கேட்கிற தன்னம்பிக்கை வேறு. அது மெயினை நிறுத்தி, நிறுத்தியதைச் சோதித்துப் பார்த்து, பிறகு கை வைப்பது.

சோதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற ஒரு முனையில் வைத்துப் பாருங்கள், எரிகிறதா? பிறகு மெயினை நிறுத்தி, வேலை செய்யப்போகிற முனையில் வையுங்கள், எரியக்கூடாது. இத்தனையோடு பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். கரண்ட் உள்ள முனையொன்றில் திரும்பவும் வைத்து, டெஸ்டர் உயிரோடுதான் இருக்கிறது என்று உறுதிப்படுத்துங்கள். மெயினை நிறுத்திய பிறகு அப்படி முனை கிடைக்காவிட்டால் அதை மறுபடி போட்டுப் பார்த்து நிறுத்துங்கள், சலிக்காதீர்கள். செத்துப்போன டெஸ்டர் எல்லா வயரையும் செத்த வயர் என்றே சொல்லும்.

சுவரிலுள்ள சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சுவிச் லைவை வெட்டவேண்டும். ஆனால் பழைய வீடுகளில் மாறிக் கொடுத்து நியூற்றலை வெட்டுகிற சுவிச்சுகள் இருக்கின்றன. பல்ப் அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் காத்திருக்கும். நிறத்தையும் நம்பாதீர்கள். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். நம் வீடுகளின் கதை உங்களுக்குத் தெரியும்: ஷெல் விழுந்து பாதி போய், திரும்பக் கட்டி, பிறகு காசு வந்தபோது பின்பக்கம் இரண்டு அறை இழுத்து, ஒவ்வொரு தரமும் வேறு வேறு ஆள். ஒரே சுவருக்குள் இரண்டு காலத்து நிறமும் படுத்திருக்கும். நிறம் சொல்வதைக் கேளுங்கள், டெஸ்டர் சொல்வதை நம்புங்கள்.

சரி, எதில் தொடங்குவது? ஒரு 13 அம்பியர் பிளக்கில் தொடங்குங்கள். இலங்கையில் இப்போது அந்தச் சதுர முனைப் பிளக்தான் நியமம். பழைய உருண்டை முனைகள் விடைபெறுகின்றன. சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துவிட்டால் அதில் ஆபத்து ஒன்றுமில்லை, மேசையில் வைத்து ஆறுதலாகப் பழகலாம். மூடியைத் திறந்து, நீள முனை மேலே வரப் பிடியுங்கள், முனைகள் உங்களுக்கு அப்பால் பார்க்கட்டும். மேலே எர்த். வலப்பக்கம் பியூஸோடு சேர்ந்த முனை லைவ், மண்ணிற வயர் அங்கே. இடப்பக்கம் நீலம். வயரின் தோலை உரிக்கும்போது செப்பு இழை அறுபடக்கூடாது. இழைகளை முறுக்கி, திருகாணிக்குக் கீழே முழுதாகப் போகவிட்டு இறுக்குங்கள். வெளியே ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் கழற்றித் திரும்பச் செய்யுங்கள். எர்த் வயரை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் லைவ் முதலில் கழரவேண்டும், எர்த் கடைசியாக. அந்த அரை அங்குலத்தில் ஒரு உயிர் இருக்கிறது. வெளித்தோல் கவ்விக்குள் இறுகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து மூடியைப் போடுங்கள். இழுத்துப் பாருங்கள். அசையவில்லையா? உங்கள் கை வேலை கற்றுவிட்டது.

அந்தக் கையோடு ஒரு கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். வற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் வரும். 2000 வற் கேத்தல் 230 வோல்ற்றில் இழுப்பது ஏறத்தாழ 8.7 அம்பியர். 1200 வற் அயன் பொக்ஸ் 5.2. இரண்டையும் ஒரு மல்ரி பிளக்கில் மாட்டினால் 13.9. பிளக்குக்குள் இருக்கிற பியூஸின் அளவு 13! ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வகுத்தல் இது. இதைச் செய்யாததாலும் பிளக் பேஸ் கறுக்கிறது. அடிக்கடி பியூஸ் போகிறதென்று அதன் இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைக்கிற "கெட்டிக்காரர்களை" வீட்டுக்குள் விடாதீர்கள்.

ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதா? கோபப்படாதீர்கள், அது உங்களோடு பேசுகிறது. போன கரண்டும் திரும்பிவந்த கரண்டும் கணக்கில் ஒத்துப்போகாவிட்டால், 30 மில்லி அம்பியர் அளவு எங்கோ கசிந்தாலே, அது கண்ணிமைக்க முன்னர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கசிவு உங்கள் உடம்பு வழியாகவும் போகலாம். அதற்காகத்தான் அது அங்கே நிற்கிறது. வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ட்ரிப் சுவிச்சைத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் கள்ளன். பெரும்பாலும் கேத்தல், இல்லாவிட்டால் மழை நனைந்த கிணற்று மோட்டர். எல்லாம் கழற்றியும் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் சுவருக்குள் இருக்கிறது; அங்கே ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதும் இப்போது நீங்கள் "கரண்ட் இல்லைத் தம்பி" என்று அழமாட்டீர்கள், "எல்லாம் கழற்றியும் ட்ரிப் நிக்கேல்லை, வயரிங்கிலைதான் கசிவு" என்று சொல்வீர்கள். அவர் உங்களை ஏமாற்ற இரண்டு தரம் யோசிப்பார். ஒன்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யவேண்டாம்: ட்ரிப் சுவிச்சை விலக்கி நேரே கொடுக்கச் சொல்லாதீர்கள். அப்படிக் கொடுப்பவரை வாசலோடு அனுப்புங்கள். சுவிச்சில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் அழுத்துங்கள். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய அலங்காரம்தான், மாற்றுங்கள்.

நம் மண்ணுக்கென்று இரண்டு விஷயம் உண்டு. முதலாவது தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருகிற கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும், குழாய் வாயை அடைக்கும். கேத்தல் பழுதென்று எறிய முன்னர் வினாகிரியும் தண்ணீரும் விட்டு ஒரு கொதி கொதிக்கவைத்து, ஊறவிட்டுக் கழுவுங்கள். குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் வாயிலுள்ள வலையைக் கழற்றி அதே வினாகிரியில் போடுங்கள். பாதிப் "பழுது" இதோடு தீரும்.

இரண்டாவது எர்த். செம்மண்ணுக்குக் கீழே கொஞ்ச ஆழத்திலேயே கல் தட்டும் இடங்களில் எர்த் கம்பியை ஆழமாக இறக்குவது சுலபமில்லை. மாரியில் மண் நனைந்திருக்கும்போது வேலை செய்கிற எர்த், ஆடி ஆவணியில் மண் வரண்டபின் பெயருக்கு நிற்கும். பருத்தித்துறை, ஊர்காவற்றுறைப் பக்கம் உப்புக்காற்று முனைகளைத் தின்றுவிடும். கம்பியும் வயரும் சேரும் இடம் பச்சை பிடித்திருக்கிறதா என்று நீங்கள் கண்ணால் பார்க்கலாம். எர்த் எவ்வளவு நல்லது என்று அளக்க மீற்றர் வேண்டும், உரிமம் பெற்ற ஆள் வேண்டும். அங்கே நிறுத்துங்கள்.

மீற்றருக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது. முத்திரையில் கை வைக்காதீர்கள், 1987க்கு அழையுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியது நினைவிருக்கும். அப்படிக் கரண்ட் இல்லாதபோது, ஜெனரேற்றர் வைத்திருக்கிற சில வீடுகளில் இரண்டு நுனியிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றைச் செய்து, பிளக் பேஸ் வழியாக வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீதிக் கம்பிக்கும் ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஒருவருடைய பிள்ளைக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? மாற்று சுவிச் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஜெனரேற்றரை விற்றுவிடுங்கள். தோட்டத்துக்குப் பன்றி வராமல் வேலியில் வீட்டுக் கரண்டை விடுகிறவர்களுக்கு நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. அது பொலிஸ் பார்க்கவேண்டிய வேலை.

கடைசியாகப் பெண்களுக்கு. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிந்த நம் தேசவழமைச் சட்டம் சீதனத்தைப் பெண்ணுடைய சொத்து என்கிறது. இன்றைக்கும் இங்கே எத்தனையோ வீட்டின் உறுதி அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டின் மெயின் சுவிச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? நகை கொடுத்தீர்கள், பாத்திரம் கொடுத்தீர்கள், டெஸ்டர் கொடுத்தீர்களா? போர் கணவனைக் கொண்டுபோன வீடுகளில், அவன் கட்டாரிலோ பாரிஸிலோ இருக்கிற வீடுகளில், இரவு ஒன்பது மணிக்கு ட்ரிப் விழுந்தால் அவள் யாருடைய கதவைத் தட்டுவாள்? பிற ஆணுக்குக் காத்திருக்கவேண்டிய நிலைமைக்கு ஒரு திருகாணி காரணமாக இருக்கக்கூடாது. கிணற்று மோட்டர் இரைந்தும் தண்ணீர் வராவிட்டால், முதலில் மோட்டரை நிறுத்தி, பிரைமிங் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதற்கும், நிரப்ப நிரப்ப இறங்கினால் அடியிலுள்ள புட் வால்வு பிடிக்கவில்லை என்று அறிவதற்கும் மீசை தேவையில்லை. தொழிலாகவே செய்ய விரும்பினால் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. என்.வி.கியூ. தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்த பெண் எலக்ட்ரீசியனுக்கு, பெண்கள் மட்டும் இருக்கிற வீடுகளே முதல் வாடிக்கையாளர்.

வருகிற சனிக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, வீட்டிலுள்ள மகளைக் கூப்பிடுங்கள். மெயின் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சுவிச்சாக அவள் கையாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் அறை அறையாக நடந்து எது அணைந்தது என்று சத்தமாகச் சொல்லுங்கள். குசினி, சாமியறை, விறாந்தை, கிணற்று மோட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே அவள் எழுதி ஒட்டட்டும். அம்மம்மாவுக்கும் வாசிக்கக்கூடியதாக எழுத்து பெரிதாக இருக்கட்டும்.