ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி, திங்கட்கிழமை மண்வெட்டி



தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம்ம இளைஞர் பிரிவோடு உழவாரப் பணிக்குப் போயிருந்தேன். கோயில் பின்பக்கக் கால்வாயைத் தூர் வாரினோம், புல் வெட்டினோம், மண்ணை அள்ளிக் கொட்டினோம். உடம்பெல்லாம் சேறு, ஆனா மனசு நிறைஞ்சிருந்தது. அப்பர் பெருமான் கையில் பிடித்த உழவாரத்தின் தம்பிதானே இந்த மண்வெட்டி என்று பேசிச் சிரித்தோம். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். வாழ்த்து வந்து குவிந்தது.

மதியம் அன்னதானத்தில் அத்தை ஒருவர் கேட்டார்: "உன் தம்பி எஸ்.பி.எம். முடிச்சிட்டானே, இப்ப என்ன பண்றான்யா?"

"ஏதோ டெக்னிக்கல் கோர்ஸ் படிக்கிறான் அத்தை."

அது பொய். என் தம்பி எந்தக் கோர்ஸிலும் இல்லை. மண் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன குத்தகையாளரிடம் கெலிண்டானாகச் சேர்ந்திருந்தான். எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் ஆகணும் என்பதுதான் அவன் ஆசை. நான் பொய் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டோடு என் பின்னால்தான் நின்றிருக்கிறான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, இன்னிக்கு நீ மண்ணு அள்ளினத போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பின. நான் அள்ளுறத மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிற?"

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறேன். சேவை என்று வரும்போது நாம் கும்பிடுகிற உழைப்பை, சம்பளம் என்று வரும்போது ஏன் மறைக்கிறோம்?

அம்மாவின் பயம்

முதலில் அம்மா பக்கம் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் மனசை மாற்றச் சொல்லி என்னிடம் முதலில் கேட்டவர் அவர்தான். "எங்க அம்மா அப்பா தோட்டத்துல ரப்பர் மரத்தோட மல்லுக்கட்டினாங்க. உங்கப்பா லாரி ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டுறாரு. இவனுமா?"

இதை வறட்டுக் கௌரவம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. இந்த நாட்டின் தோட்டங்களையும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் உருவாக்கியதில் நம் தாத்தா பாட்டிமார்களின் கை இருக்கிறது. 1942, 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தமிழர்கள் எத்தனை பேர்! உழைப்பு அவர்களுடையது, பலன் வேறு யாருக்கோ போனது. பிள்ளை படித்தால்தான் அந்தச் சங்கிலி அறும் என்று அம்மாமார்கள் நம்பியதில் என்ன தப்பு?

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்கணும். தாத்தாவுக்கு வேறு கதவே கிடையாது. தம்பிக்கு இருந்தது. பாரம் ஆறு போகலாம், டிப்ளோமா படிக்கலாம். அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுத்தான். திணிக்கப்பட்ட வேலையும் தேர்ந்தெடுத்த வேலையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே இரண்டும் வேறு.

மணல் சொன்ன சேதி

அதன்பிறகு தொழிற்பயிற்சிக்காக ஒரு கட்டுமானத் தளத்துக்குப் போனேன். வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும் வேலை. அங்கே 20 டன் எக்ஸ்கவேட்டரை ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழர். எல்லாருக்கும் அவர் 'அண்ணே'தான். ஒருநாள் தோண்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

கையில் வரைபடத்தோடு ஓடினேன். "அண்ணே, இங்க கீழே ஒண்ணும் இல்ல. பிளான்ல தெளிவா இருக்கு."

அவர் இறங்கி வந்து பள்ளத்தைக் காட்டினார். "செம்மண்ணுக்கு நடுவுல சுத்தமான மணல் எப்படி தம்பி வந்துச்சு? யாரோ முன்னாடியே தோண்டி எதையோ பதிச்சிருக்காங்க."

குழாய் பதிக்கும்போது அதைச் சுற்றி மணல் போடுவார்கள் என்று நானும் படித்துப் பரீட்சை எழுதியவன்தான். ஆனால் கண் முன்னால் மணல் வந்தபோது எனக்கு அது வெறும் மணல். கையால் மெதுவாக மண்ணை விலக்கிப் பார்த்தோம். தண்ணீர்க் குழாய். இன்னும் ஒரு வாளி அள்ளியிருந்தால் உடைந்திருக்கும்.

எண்ணெய் அழுத்தத்தால் அந்த இரும்புக் கை எப்படித் தூக்குகிறது என்று பாஸ்கல் விதியை எழுதி நான் விளக்குவேன். இரண்டு கைப்பிடிகளில் கை, முழங்கை, வாளி, சுழற்சி என நான்கு அசைவுகளையும் ஒரே நேரத்தில் நடத்துவது அவருக்குத்தான் வரும். இதில் எது 'படிப்பு', எது 'வெறும் வேலை'? அன்றைக்குப் பிறகு அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வாய்ப்பை யார் தருவது?

எப்படிக் கத்துக்கிட்டீங்க என்று கேட்டேன். இரண்டு வருஷம் கெலிண்டானாம். காலையில் எஞ்சின் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய் பார்ப்பது, பின்களுக்குக் கிரீஸ் அடிப்பது, லாரிக்குக் கை காட்டுவது. மூத்த ஓட்டுநர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, சாயங்காலம் கொஞ்ச நேரம் இவர் கையில் இயந்திரம் வரும். "அந்தச் சீனத் தவுக்கே நம்பி உக்கார வைக்கலன்னா நான் இன்னும் கிரீஸ்தான் அடிச்சிக்கிட்டு இருப்பேன்" என்றார்.

இப்போது முறையான வழி உண்டு. கட்டுமானத் தளத்தில் கால் வைக்கவே சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டை வேண்டும். மலேசியக் கட்டுமானக் கழகமான ஏ.பி.எம். போன்ற இடங்களில் இயந்திரம் ஓட்டப் பயிற்சி கிடைக்கிறது. திறன் சான்றிதழும் பெறலாம். ஆனால் சான்றிதழோடு போய் நின்றால், "அனுபவம் இருக்கா?" என்பார்கள். வேலை இல்லாமல் அனுபவம் எப்படி வரும்? அனுபவம் இல்லாமல் வேலை எப்படி வரும்? விலை உயர்ந்த இயந்திரத்தைப் புதுக் கையில் கொடுக்க முதலாளி பயப்படுவதும் நியாயம்தான். பழகாத கை மின்கம்பியில் பட்டால், பள்ளத்தின் ஓரம் சரிந்தால், போவது உயிர்.

ஆனாலும் இன்று கைதேர்ந்தவர்களாக இருக்கும் எல்லாருக்கும் ஒருநாள் யாரோ ஒருவர் இடம் கொடுத்தார். அந்தக் கடன் அடுத்தவனுக்குக் கொடுத்தால்தான் தீரும். குத்தகைத் தொழில் செய்யும் நம்மவர்கள் கோயிலுக்கு நன்கொடை தருகிறார்கள், நல்ல விஷயம். கூடவே ஒரு இளைஞனை மூத்த ஓட்டுநர் பக்கத்தில் நிறுத்திக் கத்துக்கொடுத்தால் அதுவும் தர்மம்தான்.

பிரம்படி யாருக்கு?

பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வைகைக் கரையை அடைக்க வந்தி பாட்டிக்கு ஆள் இல்லாதபோது, சிவபெருமானே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது.

சின்ன வயசில் இதை இறைவனின் அதிசயமாகக் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. மண் சுமக்கிறவன் யாரென்று தெரியாமல்தான் அரசன் அடித்தான். 'ஏதோ டெக்னிக்கல் கோர்ஸ்' என்று நான் சொன்னதும் ஒரு பிரம்படிதான். அதுவும் நான் தெரிந்தே அடித்தது, கோயில் வாசலிலேயே. அது என் முதுகிலும் விழுந்தது. லாரி ஓட்டும் அப்பா முதுகிலும் விழுந்தது.

அதுக்காக 'செய்யும் தொழிலே தெய்வம்' என்று சொல்லி முடித்துவிட நான் தயாராக இல்லை. அந்த வேலையைச் செய்யாதவர்களுக்கு அது சுலபமாக வாயில் வரும் வார்த்தை. வெயில், அதிர்வில் வரும் முதுகுவலி, மழை வந்தால் போகும் நாள் சம்பளம், ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டாத குத்தகையாளர் எல்லாம் இந்தத் துறையில் உண்டு. தெய்வம் என்று சொல்லிவிட்டு இதையெல்லாம் கேட்காமல் விட்டால், நாம் கொடுப்பது மரியாதை இல்லை, வெறும் சந்தனப் பொட்டு.

அதனால் தம்பியைத் தடுப்பதை விட்டுவிட்டு அவனிடம் வேறு கேள்விகள் கேட்டேன். சொக்சோ கட்டுறாங்களா? சம்பளச் சீட்டு தர்றாங்களா? பயிற்சிக்கு எப்ப பேர் கொடுக்கப் போற? இரண்டுக்குப் பதில் இருந்தது. சம்பளச் சீட்டு வருவதில்லை. "கேட்டுப் பாக்குறேண்ணே" என்றான். அம்மா இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் காலை ஐந்தரைக்கு அவனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அதே அத்தையைப் பார்த்தேன். நானே போய்ச் சொன்னேன்: "அத்தை, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். தம்பி எக்ஸ்கவேட்டர் ஓட்டக் கத்துக்கிறான். இப்ப கெலிண்டான் வேலை."

அத்தை ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "இதுல பொய் சொல்ல என்னய்யா இருக்கு?" என்றார்.

அடுத்த உழவாரப் பணிக்குத் தம்பியும் வருகிறான். நண்பர்களே, அன்றைக்கு மண்வெட்டியைக் கையில் எடுக்கும்போது, திங்கட்கிழமை காலையில் அதே மண்ணைத் தோண்டப் போகிறவன் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யார் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அவன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.