இலக்குக்கு அப்பால்

1

நான் முதன்முதலில் துப்பாக்கி பிடித்தது மெரினாவில். பத்து வயது இருக்கும். தட்டியில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், பிடி தேய்ந்துபோன ஒரு ஏர்கன். முதல் மூன்று குண்டும் வீண். பலூன்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, கொஞ்சம் லெஃப்ட்ல வச்சு சுடு. இந்தத் துப்பாக்கி ரைட்ல இழுக்கும்." நாலாவது குண்டில் பலூன் வெடித்தது. அப்பா கைதட்டினார். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த துப்பாக்கியைத் தொட இருபத்தைந்து வருடம் ஆனது. டெக்ஸாஸில் என் டீமில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. வார இறுதியில் ரேஞ்சுக்கு வருகிறாயா என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டிக்கழிக்க ஒரு வசதியான காரணம் இருந்தது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. அதைச் சொன்னதும் அவர் அசரவில்லை. "வேட்டை லைசன்ஸ் எடுத்துட்டா அந்தத் தடை கிடையாதே" என்றார். உண்மைதான், சட்டத்திலேயே அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. ஆக, ஒரு காகிதத்தைச் சுடுவதற்காக, மானைக் கொல்லும் உரிமத்தை வாங்கினேன். அதற்கு முன் வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்பு வகுப்பை ஆன்லைனில் முடித்தேன். அந்த வகுப்பில் படித்த ஒரு விதி பிற்பாடு என்னை விடவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

2

அவர் இரண்டு ரைஃபிள்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று ரூகர் 10/22. இன்னொன்று ஸ்கோப் மாட்டிய ஏஆர்-15. பலர் நினைப்பதுபோல ஏஆர் என்றால் 'அசால்ட் ரைஃபிள்' அல்ல. முதலில் வடிவமைத்த ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயர் அது. ரூகர் 10/22 சந்தைக்கு வந்தது 1964இல். அதே வருடம்தான் கோல்ட் கம்பெனி ஏஆர்-15ஐப் பொதுமக்களுக்கு 'ஸ்போர்ட்டர்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. அதன் சகோதரனான எம்-16 அப்போது வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டுமே செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. ஆனால் அந்தத் தோட்டா வெடிக்கும் சக்தியே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றி வைத்துவிடும். பழைய போல்ட் ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. விரல் மட்டும் போதும்.

முதலில் பாயின்ட் 22. இருபத்தைந்து கெஜம் தள்ளி, மண்மேட்டின் அடியில் காலி சோடா கேன்களை அடுக்கியிருந்தார். இதற்கு அங்கே 'பிளிங்க்கிங்' என்று பெயர். தகரத்தில் தோட்டா படும் சத்தத்திலிருந்து வந்த சொல். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு ஜாலி! உதைப்பே இல்லை. சுட்டதும் கேன் துள்ளுகிறது. தவறினால் மண் தெறித்து எங்கே தவறியது என்று காட்டிக்கொடுக்கிறது. உலகம் உடனே பதில் சொல்கிறது. ஒரு வரி கோடு எழுதி உடனே ரன் பண்ணிப் பார்க்கும் அதே போதை. நடுவில் அரட்டை, சிரிப்பு, பந்தயம். மெரினாதான், பலூன் மட்டும் இல்லை.

பிறகு ஏஆர்-15. நூறு கெஜத்தில் ஒரு காகிதம். ஐந்து தோட்டா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்தும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இந்த உலகத்தில் அளவுகோல் கோணத்தில் இருக்கிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. நூறு கெஜத்தில் அது ஏறக்குறைய ஒரு அங்குலம். என் முதல் ஐந்தும் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சிதறியிருந்தன. "நீ விசையை இழுக்கிற. இழுக்காத, அழுத்து. எப்போ வெடிக்கும்னு உனக்கே தெரியக் கூடாது" என்றார். மூச்சு, கன்னம் படும் இடம், தோளின் அழுத்தம், விரல் நுனி. ஒவ்வொன்றாகச் சரிசெய்யச் சரிசெய்ய, சாயங்காலத்துக்குள் துளைகள் நெருங்கி வந்தன. இரண்டு மணி நேரம் ஃபோன் ஞாபகமே வரவில்லை. கடைசியாக அப்படி எப்போது இருந்தேன் என்று தெரியவில்லை.

அன்றிரவு மனைவி கேட்டாள்: "சுட்டப்ப நல்லா இருந்துச்சா?"

கேலி இல்லாத கேள்வி. நான் பதில் சொல்லாமல் தட்டைக் கழுவப் போனேன். அன்று மதியம்தான் எங்கள் ஆறு வயது மகள், பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் சுவர் ஓரமாகச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த கதையை அவளிடம் சொல்லியிருந்தாள். "நான்தான்மா ரொம்ப அமைதியா இருந்தேன்" என்று பெருமையாக.

3

அந்தக் கேள்விக்கு நான் எனக்குள் தயாரித்த முதல் பதில் இது: 'கேன் சுட்டது விளையாட்டு, ஆனால் காகிதம் சுட்டது பயிற்சி. அதில் ஒரு தவம் இருக்கிறது.' அதாவது, துல்லியம் அந்தச் செயலைச் சுத்தப்படுத்திவிடுகிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கச் சட்டமே ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இறக்குமதியாகும் துப்பாக்கி 'விளையாட்டு நோக்கத்துக்கு' ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. விளையாட்டு நோக்கம் என்றால் என்ன என்று சொல்லவில்லை. அதை ஆராய்ந்த ஆலோசனைக் குழு, கேன் சுடுவது வெறும் பொழுதுபோக்கு, அதை விளையாட்டு நோக்கமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று முடிவு செய்தது. காரணம் எளிமையானது: கேனை எந்தத் துப்பாக்கியாலும் சுடலாமே. 1989இல் பலவகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களின் இறக்குமதியைத் தடுத்தபோதும் அரசு இதே வழியில்தான் போனது. வேட்டையும் முறையான போட்டியும் கணக்கில் வரும். ஜாலி வராது.

முறையான போட்டி என்றால் என்ன என்பதற்கு நல்ல உதாரணம் ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெரி. 1907இலிருந்து அங்கே தேசியப் போட்டிகள் நடக்கின்றன. ராணுவ ரைஃபிள் மாறமாற போட்டியின் ரைஃபிளும் மாறி, இன்று அங்கே ஏஆர்-15தான் ராஜா. அறுநூறு கெஜத்தில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் பன்னிரண்டு அங்குலம். சாப்பாட்டுத் தட்டு அளவு இலக்கை அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்தால் எப்படி இருக்கும்? காற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு அங்கே வேலை இல்லை.

எனக்கு இதில் பிடித்தது ஒரு விஷயம். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டது. போல்ட் ரைஃபிளில் கை வேலை செய்யும் அந்த இரண்டு நொடியில் மனசுக்கு யோசிக்க இடம் இருந்தது. துல்லியமாகச் சுடுபவர் அந்த இடைவெளியைத் தன் ஒழுக்கத்தால் திரும்ப உண்டாக்குகிறார். நாங்கள் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் எதையாவது அழிக்கும் முன் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் ஒரு பட்டனை வேண்டுமென்றே வைப்போம். அந்தப் பட்டனை உள்ளுக்குள் சுமப்பவர் அவர்.

நல்ல வாதம். கொஞ்ச நாள் இதை நம்பினேன்.

4

இந்த நம்பிக்கையை முதலில் உடைத்தவர் ஒரு வில்லாளி. ஓய்கன் ஹெரிகல் என்ற ஜெர்மன் தத்துவ ஆசிரியர் 1920களில் ஜப்பானில் ஆவா கென்சோவிடம் வில்வித்தை கற்றார். 1948இல் ஜென்னையும் வில்வித்தையையும் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் உலகெங்கும் பரவியது. அம்பை விடுவது 'நான்' அல்ல, நான் மறைந்த இடத்தில் அம்பு தானாக விடுபடுகிறது என்பது அதன் சாரம். என் டெக்ஸாஸ் நண்பர் விசையைப் பற்றிச் சொன்னதும் இதேதான். அந்த ஹெரிகல் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். இத்தனை வருட அகப்பயிற்சி அதைத் தடுக்கவில்லை.

எஞ்சினியரிங் முதல் வருடத்தில் எல்லோருக்கும் ஒரு படம் போடுவார்கள். ஒரு வட்டப்பலகை. துளைகள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் மையத்தை விட்டு ஒரு மூலையில். பிரிசிஷன் இருக்கிறது, அக்யூரசி இல்லை. நெருக்கம் வேறு, சரியான இடம் வேறு. என் பலூன்காரருக்கு இது அன்றே தெரிந்திருந்தது. ஹெரிகலின் துளைகள் நெருக்கமானவை. எங்கே விழுந்தன என்பது தனிக் கேள்வி. ஒழுக்கம் நெருக்கத்தைத் தரும். மையம் எது என்பதை அதனால் சொல்ல முடியாது.

இன்னொரு வில்லாளியை நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். துரோணர் மரத்தில் ஒரு பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். முதலில் வந்தவன் மரம், தம்பிகள், ஆசான், பறவை எல்லாம் தெரிகின்றன என்கிறான். தேர்வில் தோற்கிறான். அர்ஜுனன் பறவையைத் தவிர எதுவும் தெரியவில்லை என்கிறான். ஜெயிக்கிறான். பள்ளிக்கூடத்தில் இதைக் கவனக்குவிப்பின் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படிக்கும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அது நிஜப் பறவை அல்ல, செய்துவைத்த பொம்மை. எல்லாவற்றையும் பார்த்துத் தோற்றவனின் பெயர் தருமன்.

குறிபார்ப்பது என்பதே மற்றதைப் பார்க்காமல் இருக்கும் கலை. என் ஸ்கோப்புக்குள் இரண்டு மணி நேரம் ஃபோன் இல்லை, வேலை இல்லை. விளக்கணைத்த வகுப்பறையும் இல்லை. அந்த நிம்மதியைத்தான் தவம் என்று பெயர்மாற்றிக்கொண்டேன்.

5

அப்படியானால் ஜாலியாகச் சுடுவதே மேலா? அதிலும் ஒரு பிரிவினை இருக்கிறது. அன்று மாலை, "ஒருதடவை எல்லாத்தையும் காலி பண்ணிப் பாக்கறியா?" என்று நண்பர் முப்பது தோட்டா மேகசினைக் கொடுத்தார். எதையும் குறிபார்க்காமல் மண்மேட்டில் கொட்டினேன். கொஞ்ச நொடிகளில் முடிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். கேனைச் சுட்டபோது வந்த சிரிப்பு அல்ல அது. கேனில் ஒவ்வொரு தோட்டாவும் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இங்கே முப்பதில் ஒன்றுகூட என்னுடையதாக இல்லை.

2017 அக்டோபர் 1ஆம் தேதி லாஸ் வேகாஸில் ஒருவன் ஹோட்டலின் 32ஆவது மாடியிலிருந்து இசைக் கச்சேரிக் கூட்டத்தின் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைக் கொட்டினான். பின்னாளில் காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர். அவன் மாட்டியிருந்த பம்ப் ஸ்டாக், ரைஃபிளின் உதைப்பைக் கொண்டே விசையை விரலில் மோதவைக்கும் சாதனம். குறியைக் கெடுக்கும். கேம்ப் பெரியில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. அதை மாட்டிச் சுட்டவனுக்குக் குறி தேவைப்படவும் இல்லை. 2022 மே 24ஆம் தேதி, நான் வாழும் இதே டெக்ஸாஸில், உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் சட்டப்படி வாங்கியது ஏஆர்-15 வகை ரைஃபிள். ஒரு வகுப்பறைக்குள் சுட எந்தத் திறமையும் வேண்டாம்.

என் நண்பரின் ஒழுக்கத்துக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது உண்மை. ஆனால் அதே உண்மை மறுபக்கமும் வெட்டுகிறது. அவருடைய ஒழுக்கம் அவரோடு நின்றுவிடுகிறது. ரைஃபிள் யாரிடம் போனாலும் ஒரே மாதிரி வேலை செய்யும். 2019இல் கிரைஸ்ட்சர்ச்சில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்து செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத பாயின்ட் 22களை விட்டுவைத்தது. சுடுபவரின் மனசு சுத்தமா என்று அது கேட்கவில்லை. கருவியால் என்ன முடியும் என்று கேட்டது. நான் நல்லவன் என்பது, இந்தப் பொருள் எல்லோருக்கும் கிடைக்கலாம் என்பதற்கான வாதம் ஆகாது. புரோகிராமர்களுக்கு இது புரிய வேண்டும். 'நான் கவனமா இருப்பேன்' என்று சொல்பவனிடமும் நாங்கள் புரொடக்‌ஷன் பாஸ்வேர்டைக் கொடுப்பதில்லை.

வேட்டை வகுப்பின் அந்த விதிக்கு வருகிறேன். 'இலக்கு எது என்று உறுதி செய்துகொள். அதற்கு முன்னால் என்ன, அதற்கு அப்பால் என்ன என்றும் தெரிந்துகொள்.' தோட்டா இலக்கோடு நிற்காது என்பதால் வந்த விதி. துரோணர் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். தருமனுக்குப் பிடித்திருக்கும். பொழுதுபோக்கா துல்லியமா என்று எனக்கு நானே வைத்த தேர்வு தப்பு என்று இப்போது தோன்றுகிறது. கேனைச் சுடும்போதும் அப்பால் இருப்பதைப் பார்க்க முடியும். ஒரு அங்குலத்தில் ஐந்து துளை போடும்போதும் பார்க்காமல் இருக்க முடியும்.

மனைவியிடம் இரண்டு வாரம் கழித்துச் சொன்னேன்: "நல்லாதான் இருந்துச்சு. அதுதான் பிரச்சினை." அவள் தலையாட்டினாள். "உண்மையைச் சொல்ல இவ்ளோ நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

டெக்ஸாஸில் வேட்டை உரிமம் ஆகஸ்ட் கடைசியோடு முடிந்துவிடும். என்னுடையதும் முடிந்தது. நண்பர் மறுபடி கூப்பிட்டார். பாயின்ட் 22 மட்டும்தான் கொண்டுவருவதாகச் சொன்னார். புதுப்பிக்கும் பக்கத்தை இரண்டு முறை திறந்து, மூடி வைத்திருக்கிறேன்.