இரண்டு மழை

ஆடி மாதம். பிற்பகல். சென்னை, ராயபுரம்.

துறைமுகத்துக்குள் போக கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஓட்டுநர் ஒருவர் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்.

கடற்காற்று இன்னும் வரவில்லை.

*

வருகிறது. முதலில் கழுத்தில் தெரிகிறது. அப்புறம் கொடியில் காயும் லுங்கியில்.

தரைப்பக்கமிருந்து மேல்காற்று. கடலிலிருந்து இது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில், திருவள்ளூர்ப் பக்கம் எங்கோ, மேகம் எழும்புகிறது.

*

ஏழு மணி. மேற்கே மின்னல்.

முதல் துளிகள் மணலி ஆலைகளின் வாடையோடு விழுகின்றன. உதட்டில் லேசாகக் கசக்கிறது. அல்லது கசப்பதாகத் தோன்றுகிறது.

கொஞ்ச நேரம்தான். பிறகு தெருவிலிருந்து ஆவி. முன்னைவிடப் புழுக்கம்.

*

சன்னல் கம்பியில் கரி. மழை பட்ட பக்கம் மட்டும் துலங்கியிருக்கிறது.

*

ஐப்பசி. காற்று திரும்பிவிட்டது.

காசிமேட்டில் விசைப்படகுகளை நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். இடையில் தொங்கும் டயர்கள் அழுந்துகின்றன, விடுபடுகின்றன, மறுபடி அழுந்துகின்றன.

*

இது விடியலுக்கு முன் வரும் மழை.

இரவில் தரை குளிர்கிறது. தரைக்காற்று மெல்லக் கடலுக்கு நகர்கிறது. எதிரே வடகிழக்கிலிருந்து வருவதைக் கரையோரம் சந்திக்கிறது.

மூன்று மணி, நான்கு மணி. தகரக் கூரையில் ஓசை. தூக்கம் கலையாமலே காது கேட்கிறது.

யாரோ எழுந்து பாத்திரத்தை ஒழுகும் இடத்துக்கு நகர்த்துகிறார்கள்.

*

இந்த நகரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

1918 நவம்பர், 1,088. 2015 நவம்பர், 1,049.

ஓர் ஆண்டின் முக்கால் பங்கு மழை, முப்பது நாளில்.

*

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுகிறது. ஒன்றாம் எண். பதினொன்று வரை உண்டு.

டீக்கடையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைபேசியில் ஒரு சிவப்புச் சுழி நகர்ந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள்.

*

திருவொற்றியூர்.

ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் கவசம் களைகிறார்கள். புனுகு, சாம்பிராணித் தைலம்.

வெளியே தூறல். வரிசை கலையவில்லை. முன்னால் நிற்பவரின் குடை பின்னால் நிற்பவரின் தோளில் சொட்டுகிறது. அவர் தோளை நகர்த்தவில்லை.

*

கார்த்திகைக்கு மிஞ்சிய மழை இல்லை என்பார்கள்.

2015 டிசம்பர் 1. 2016 டிசம்பர் 12. 2023 டிசம்பர் 4. மூன்றும் கார்த்திகை.

நடுவில் உள்ளது வர்தா புயல். அதில் மழையைவிடக் காற்றுதான்.

*

பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாறு. புழல் ஏரியைத் திறந்தால் உபரிக் கால்வாய், சடையங்குப்பம் வழியாக. பக்கிங்காம் கால்வாயும் இந்தப் பக்கம்தான்.

எல்லாம் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருகின்றன.

கடல் ஏற்றத்தில் இருக்கிறது.

"கடல் வாங்க மாட்டேங்குது" என்கிறார் படகை மேலே இழுத்துப் போடுபவர். சொல்லிவிட்டு இழுக்கிறார்.

தண்ணீர் நிற்கிறது. வருத்தமும் இல்லாமல், அவசரமும் இல்லாமல்.

*

2023. மிக்ஜாம் புயல் போய்விட்டது. தண்ணீர் வடிகிறது.

மேலே எண்ணெய். மணலியிலிருந்து கால்வாய் வழியே வந்தது. கழிமுகத்தில் கூழைக்கடாக்களின் மார்பு கறுத்திருக்கிறது. மீனவர்கள் மக்கில் மொண்டு டிரம்மில் ஊற்றுகிறார்கள். கையுறை சிலரிடம் இருக்கிறது.

வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு. வெள்ளம் விட்டுப்போகும் கோடு மண் நிறம். இது கறுப்பு. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு பெண் துடைக்கிறார். கோடு அகலமாகிறது.

*

மார்கழி. வானத்தில் ஒன்றுமில்லை.

வலையில் ஈரம். பனியா, கடலா, தெரியவில்லை.

*

ஏப்ரல் 15. மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகுகளைச் சுரண்டி வண்ணம் பூசுகிறார்கள். நீலம் கையிலும் மூக்கு நுனியிலும்.

மேகம் பற்றி யாரும் பேசவில்லை.

*

2019 ஜூன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். ஏரித் தரை வெடித்திருக்கிறது.

தெருவில் குடங்கள். மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. அடிபம்பு வெறும் காற்றை இழுக்கிறது.

வடக்கே காட்டுப்பள்ளியில், கடலைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறந்தது.

தண்ணீர் லாரி வருமா என்று ஒருவர் கேட்கிறார். பத்து மணிக்கு என்கிறார் இன்னொருவர்.