அன்பு மட்டும் போதுமா?

மும்பையின் பாண்டுப் பகுதியில் வசிக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு வயது 33. ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். பக்கவாதத்தில் படுத்த மாமியாரை எட்டு மாதம் உடனிருந்து பேணியவர். மாமியார் மறைந்தபின் கணக்கு வேலையில் மனம் பதியவில்லை; செவிலியராக விரும்புகிறார்.

"படித்துவிட்டா அத்தையைப் பார்த்துக்கொண்டேன், சுவாமிஜி? அன்புதானே வேண்டும்? சில மாதப் பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்புகிறார்களே, அது போதாதா? மூன்று, நான்கு வருடங்களைக் கல்லூரியில் ஏன் செலவிட வேண்டும்?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே ஓர் ஆசிரியை. 1897-இல் அங்கே பிளேக் பரவியபோது, மருத்துவரான மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை நிலையத்தில் நோயாளிகளைப் பேணினார். அத்தொண்டிலேயே நோய் தொற்றி, மார்ச் 10 அன்று தமது 66-ஆம் வயதில் உயிர் நீத்தார். அனைவரும் அஞ்சி விலகும் வேளையில் துணிந்து தொடும் கையைப் பார்த்து, 'நீ என்ன படித்தாய்?' என்று யார் கேட்பார்?

ஆனால் எல்லா வேளையும் அத்தகையதன்று. சரக சம்ஹிதை சிகிச்சைக்கு நான்கு பாதங்களைக் கூறுகிறது: வைத்தியர், மருந்து, பரிசாரகர், நோயாளி. நோயாளியின் அருகிருந்து பேணுபவரே பரிசாரகர். அவருக்குரிய குணங்களும் நான்கு: பேணும் முறையை அறிதல், திறமை, பேணப்படுபவரிடம் அன்பு, தூய்மை. அன்பு மூன்றாவதாகவே வருகிறது! அறிவு முதலில் நிற்கிறது.

காரணம் அப்பெண்மணியின் வீட்டிலேயே இருந்தது. பக்கவாதம் கண்டவர் தாகம் என்று தவிக்கிறார். அன்புள்ள மருமகள் உடனே தண்ணீர் புகட்டுவாள். விழுங்கும் திறன் குன்றியிருந்தால் அத்தண்ணீர் நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே உலை வைக்கும். அந்த டம்ளரை ஏந்திய கையில் அன்புக்குக் குறைவில்லை. தெரிந்தவரோ, நோயாளியின் கெஞ்சலைக் கேட்டுக்கொண்டே சற்றுப் பொறுக்கிறார். அந்தப் பொறுமையும் அன்புதான். கற்றுப் பெற்ற அன்பு.

ஊதியம் வாங்கினால் சேவை மாசுபடுமோ என்றும் அவர் தயங்கினார். குடும்பஸ்தருக்கு அது வீண் கவலை.

இனி வழி. நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங்குக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இவர் படித்ததோ வணிகவியல். மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயப் படிப்பில் பிற பிரிவினரும் சேரலாம். ஆங்கிலத்தில் 40 சதவீதம் வேண்டும். செவிலியராகப் பதிவு செய்தபின் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பால் பட்டமும் பெறலாம். ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். சேர்க்கைக்கு வயது வரம்பு 35.

"இரண்டு வருடம்தான் இருக்கிறதா?" என்றார். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் ஊரில், தாயார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம்; ஆங்கிலத்தில் எவ்வளவு என்று நினைவில்லையாம். அன்றிரவே தொலைபேசியில் கேட்பதாகச் சொல்லிச் சென்றார்.