கேட்பதற்கென ஓர் அறை

இல்லறத்தான் ஒருவன் தன் வீட்டின் ஓர் அறையை இசை கேட்பதற்கும் திரைப்படம் காண்பதற்குமே என ஒதுக்கி, அதன் சுவர்களுக்குப் பஞ்சும் துணியும் போர்த்தி, ஒலிபெருக்கிகளை அளவறிந்து நிறுத்தி, கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அமர்வது அறத்துக்கு ஒத்ததா? இவ்வினா அற்பமானது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஐதராபாத் போன்றதொரு நகரில் இதற்கு நாள்தோறும் செயலால் விடை கூறப்பட்டு வருகிறது. ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் மாளிகைகளில் மட்டுமன்றி, கச்சிபௌலி, கொண்டாப்பூர்ப் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளிலும் ‘ஹோம் தியேட்டர்’ என்னும் அறை இன்று இடம்பெற்று வருகிறது. 1806இல் அமைந்த செகந்தராபாத் பாசறைக்குச் சென்னைப் படையோடு வந்து குடியேறிய தமிழரின் வழிவந்தோரும், அண்மையில் கணினித் தொழிலை நாடிச் சென்றோரும் அந்நகரில் பலர் உளர். செய்வோர் பலராகிவிட்ட செயலைச் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமை.

இவ்வினாவுக்கு விரைந்து தரப்படும் விடைகள் இரண்டு. “ஆசையை அடக்கச் சொன்னவர் வழியில் நிற்போர்க்கு இத்தகைய ஆடம்பரம் எதற்கு?” என்பது ஒன்று. “என் உழைப்பு, என் பொருள், என் வீடு, இதில் பிறர்க்கு என்ன?” என்பது மற்றொன்று. இரண்டுமே ஆராயாது உரைக்கப்படும் விடைகள் என்பது நம் கருத்து.

முதல் விடையை முதலில் எடுத்துக்கொள்வோம். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட பஞ்ச சீலத்தில் இசைக்குத் தடை இல்லை. ஆடல், பாடல், இசைக்கருவி, காட்சி ஆகியவற்றை விலக்குவது துறவோர்க்கு உரிய நெறி. உபோசத நாளில் எட்டுச் சீலம் காப்போர் அந்த ஒரு நாளுக்கு அதனை மேற்கொள்கின்றனர். சக்கபஞ்ஞ சூத்திரத்தில், குகையில் வீற்றிருந்த பகவான் திருமுன் பஞ்சசிகன் யாழ் மீட்டிப் பாடுகிறான். பாடலோ காதற்பாடல். பகவான் அவனைக் கடிந்து விரட்டவில்லை. நரம்பின் ஒலியும் மிடற்றின் ஒலியும் ஒன்றோடொன்று இயைந்திருந்தமையைப் பாராட்டினார். கிருஷ்ணை ஆற்றங்கரையில், நாகார்ஜுனகொண்டாவின் பள்ளத்தாக்கில், 1954 முதல் 1960 வரை நடந்த அகழ்வில் விகாரங்களும் தூபங்களும் வெளிப்பட்டன. அவற்றோடு, நடுவே களமும் சுற்றிலும் படிவரிசை இருக்கைகளும் கொண்ட காட்சியரங்கம் ஒன்றும் வெளிப்பட்டது. இக்ஷ்வாகு மன்னர் காலத்து அந்த அரங்கம், நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கை மூடுமுன் அனுப்பு என்னுமிடத்திற்கு மாற்றி அமைக்கப்பட்டது. பிக்குகள் வாழ்ந்த பள்ளத்தாக்கிலேயே மக்கள் கூடிக் காட்சி கண்டனர் என்பதற்கு அக்கற்படிகள் சான்று.

அங்ஙனமாயின் தடை எங்கே இருக்கிறது? சிகாலனுக்கு உரைத்த அறவுரையில் பகவான், எங்கே ஆடல், எங்கே பாடல், எங்கே கொட்டுமுழக்கு என்று ஓயாது தேடித் திரிவதன் கேடுகளை எடுத்துரைத்தார். தேடித் தேடி அமைதி இழக்கும் மனமே அங்குக் கண்டிக்கப்பட்டது. இதனை ஓர் அளவுகோலாகக் கொள்வோம். அறை கட்டிய பின்னும், ‘இதைவிட உயர்ந்த கருவி எது, அடுத்த ஒலிபெருக்கி எது’ என்று விலைப்பட்டியலையே புரட்டிக்கொண்டிருப்பவன் இசையைக் கேட்கவில்லை. சிகாலன் எச்சரிக்கப்பட்ட அதே தேடலில் அலைகிறான்.

நம்மவர்க்கு இவ்விடத்தில் மற்றொரு நினைவும் எழுதல் இயல்பு. மறையோசை செவியில் விழுந்தால் அச்செவிக்கே கொடுந்தண்டம் விதித்த தருமசூத்திரம் இந்நாட்டில் எழுதப்பட்டது. பின்வந்த காலத்திலும் நல்லிசை அரண்மனைக் கூடங்களில், அழைக்கப்பட்டோர்க்கு மட்டுமே ஒலித்தது. பெரும் பாடகர் படே குலாம் அலிகான் தம் இறுதி நாட்களைக் கழித்து 1968இல் உயிர்நீத்தது ஐதராபாத்தின் பஷீர்பாக் அரண்மனையில்தான். அத்தகைய கூடங்களின் வாயிலில் நம் முன்னோர் எந்நிலையில் நின்றிருப்பர் என்று விளக்க வேண்டுவதில்லை. ஆதலின், அவர்தம் பேரன் ஒருவன் நேர்மையாக உழைத்த பொருளால் தன் வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றில் அமர்ந்து தான் விரும்பிய இசையைக் கேட்கும்போது, அதனை வெறும் ஆடம்பரம் என்று இகழ நமக்கு மனம் வரவில்லை. ஆயின் அதே நினைவு அவனை நோக்கி ஒரு கேள்வியையும் எழுப்புகிறது: நேற்று நமக்கு அடைக்கப்பட்டிருந்த கதவை, இன்று நாம் யாருக்கு அடைக்கிறோம்?

இனி, அவ்வறை எத்தகையது என்று காண்போம். அதில் செய்யப்படும் வேலை இருவகைப்படும். ஒன்று, உள்ளே ஒலிக்கும் ஒலியைச் செம்மைப்படுத்துவது. மற்றொன்று, ஒலி வெளியே செல்லாதபடி தடுப்பது.

முதல் வேலைக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாலஸ் சபைன். 1895இல், பேச்சுக் குழம்பிப்போகும் விரிவுரைக்கூடம் ஒன்றைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கூடத்தில் எழுப்பிய ஒலி அடங்க ஐந்தரை விநாடிக்கு மேலாயிற்று. முன்சொல் அடங்குமுன் பின்சொல் வந்து மோதியது. அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, மெத்தை மிகமிக ஒலி எத்துணை விரைவில் அடங்குகிறது என்று அளந்து, அவர் ஒரு விதியைக் கண்டார். இன்று வீட்டறையைச் சமைப்போர் பின்பற்றுவதும் அவ்விதியையே. வெற்றுச் சுவர் மட்டும் இருப்பின் ஒலி மோதிக் குழம்பும். சுவர் முழுவதும் பஞ்சைப் போர்த்தினால் இசை உயிரற்றுப் போகும். இரண்டுக்கும் நடுவே, ஒலி அரை விநாடிக்குள் அடங்கும் அளவில் நிறுத்துவதே திறம். சோணர் என்னும் பிக்கு மிகையான முயற்சியால் தளர்ந்தபோது, யாழின் நரம்பை மிக முறுக்கினாலும் இசை பிறவாது, மிகத் தளர்த்தினாலும் பிறவாது என்று பகவான் அவருக்கு உணர்த்தியதை நாம் அறிவோம். நரம்புக்குப் பொருந்தும் நடுவழி அறைக்கும் பொருந்துகிறது.

இரண்டாம் வேலையே நம் வினாவின் உயிர்நிலை. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் ஒலியின் அளவு பகலில் 55 டெசிபலையும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலையும் கடத்தலாகாது. தனியார் ஒலிக்கருவி எழுப்பும் ஓசை, அவ்விடத்தின் எல்லையில் இவ்வளவினும் 5 டெசிபலுக்கு மேல் மிகுதல் கூடாது. திரையரங்க அளவுகோலின்படி இசைக்கப்படும் ஒலியோ உச்சத்தில் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் 105 டெசிபலை எட்டக்கூடியது. அவ்வளவு உரக்க வைக்கும் ஒருவன், இரவில் அண்டை வீட்டார்க்கு இடையூறின்றி இருக்க வேண்டுமாயின், சுவரைக் கடக்கும் ஒலியின் ஆற்றலை ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும்.

திரைச்சீலையும் பஞ்சும் இதனைச் செய்யா. விநாடிக்கு 20 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலை ஒன்று ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுடையது. நான்கு விரற்கடைப் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டன்று. சுவருக்கு எடை வேண்டும். இரு சுவர்களுக்கிடையே காற்றிடை வேண்டும். அறைக்குள் அறையாகக் கட்டி, உள்ளறை வெளியறையைத் தொடாதிருக்க வேண்டும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், எத்துணைத் தடித்த சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க இயலாது. கதவின் கீழுள்ள சிறு இடுக்கையும் அடைக்க வேண்டியிருப்பது இதனாலேயே. நள்ளிரவில் தன் களிப்பின் அதிர்வால் அடுத்த வீட்டுக் குழந்தையின் உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்று கருதி இத்துணைப் பாடுபடுகிறவனின் சுவரை நாம் அறத்தின் சுவர் என்றே சொல்வோம். “என் வீடு, பிறர்க்கு என்ன?” என்னும் இரண்டாம் விடையை அவனது செயலே மறுத்துவிடுகிறது. ஒலிக்குப் பட்டா எல்லை கிடையாது என்பதை அவன் உணர்ந்திருக்கிறான்.

ஆயின் இங்கே ஓர் இடர் உண்டு. உள்ளிருந்து வெளியே செல்லும் ஒலியைத் தடுக்கும் அதே சுவர், வெளியிலிருந்து உள்ளே வரும் ஒலியையும் தடுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அடைக்கும் சுவரை எந்தக் கொத்தனாரும் கட்டியதில்லை. வீதியின் இரைச்சல் மட்டும் நின்றுபோவதில்லை. அடுத்த அறையில் படுத்திருக்கும் முதிய தாய் தண்ணீர் கேட்டு அழைக்கும் குரலும், கால் தடுக்கி விழுந்த குழந்தையின் அழுகையும், உதவி நாடி வாயிலில் நிற்கும் அண்டை வீட்டாரின் கூக்குரலும் நின்றுபோகின்றன. பிறரை நாம் துன்புறுத்தாதிருக்கக் கட்டிய சுவரே பிறர் துன்பம் நம்மை எட்டாதபடி செய்துவிடுகிறது.

ஐதராபாத்துக்கு அருகே கோல்கொண்டாக் கோட்டை இருக்கிறது. அதன் நுழைவாயிலின் குவிமாடத்தின் கீழ் நின்று கைதட்டினால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் மலையுச்சியிலுள்ள பாலா ஹிசாரில் அவ்வோசை கேட்கிறது. காவலுக்கு உதவிய ஏற்பாடு என்று இதனைக் கூறுவர். அடிவாரத்தின் அபாயக்குறி உச்சியில் இருப்போரை எட்டும்படி கல் அடுக்கப்பட்டது. இன்றைய அறையிலோ, பத்தடி தொலைவிலுள்ள குரலும் எட்டாதபடி கல் அடுக்கப்படுகிறது. இரண்டும் கட்டடக் கலையின் திறமே. எத்திறம் எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் அறம் நிற்கிறது.

“தியானத்தின் பொருட்டுக் குகை புகும் துறவியும் உலகத்தின் ஒலியை விலக்குகிறாரே” என்று ஒருவர் வினவக்கூடும். அவர் விலகுவது உலகத் துன்பத்தின் காரணத்தைத் தெளிவாகக் காண்பதற்கு; கண்டபின் ஊருக்குள் வந்து உரைப்பதற்கு. நம் அறையில் அமர்ந்து எழுபவனும் அவ்வாறு செவி கூர்மை பெற்று எழுவானாயின் அவனையும் குறை கூறோம். சமைக்கும்போதும் நடக்கும்போதும் பேசும்போதும் இசையை ஓடவிட்டு, எதையும் முழுதாகக் கேளாதிருக்கும் இக்காலத்தில், ஒரு மணி நேரம் வேறெதுவும் செய்யாது ஒன்றையே கேட்டிருப்பது நல்ல பயிற்சிதான். ஆயின் அப்பயிற்சி வெளியே வந்ததும் சோதிக்கப்படும். யாழின் ஐந்தாவது நரம்பு சற்றே பிசகியதை உணரும் செவி, மனைவியின் குரலில் உள்ள களைப்பை உணரவில்லையெனில், அந்த அறையால் அவன் பெற்றது என்ன?

ஆதலின் அறை கட்ட விரும்புவோர், அனாதபிண்டிகருக்குப் பகவான் உரைத்த இல்லறத்தாரின் நான்கு இன்பங்களையும் உரைகல்லாகக் கொள்வாராக. நல்வழியில் பொருளை உடைமை முதலாவது. அதனைத் துய்த்தல் இரண்டாவது. கடனின்மை மூன்றாவது. பழியின்மை நான்காவது. முன்மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்கும் ஆகா என்பது அவர் காட்டிய மதிப்பு.

துய்த்தல் இவற்றுள் இடம்பெற்றிருப்பதைத் துறவு பேசி இல்லறத்தாரை இகழ்வோர் காண்க. அடுத்தது கடனின்மை. மாதத் தவணைக்குக் கருவி வாங்கி, தவணைநாள் நெருங்கும்தோறும் நெஞ்சம் படபடக்க இசை கேட்பவன் எதைத் துய்க்கிறான்? சிகாலனுக்குப் பகவான் வகுத்த கணக்கில், வருவாயின் நான்கு பங்கில் ஒன்று துய்ப்புக்கு, இரண்டு தொழிலுக்கு, ஒன்று இடர்க்காலச் சேமிப்புக்கு. அறையின் செலவு அந்த ஒரு பங்கினுள் அடங்குகிறதா என்று பார்க்கட்டும்.

இறுதியாகப் பழியின்மை. இங்கே கேட்க வேண்டிய முதற்கேள்வி அந்த அறை யாருடையது என்பது. மூன்று அறை வீட்டில் ஓர் அறையைத் திரைக்கும் இசைக்கும் கொடுத்துவிட்டு, தாய் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவும், பெண் சமையற்கட்டின் மூலையில் அமர்ந்து படிக்கவும் நேருமாயின், அங்கு எழும் இசை எத்துணை இனியதாயினும் பழியுடையதே. பிறர்க்குரிய இடத்தைக் கவராது எஞ்சும் அறையே இதற்கு உரியது.

இரண்டாம் கேள்வி, உள்ளே எத்தனை நாற்காலிகள் என்பது. ஒலி மிகச் சிறப்பாகக் கேட்கும் இடம் அறையில் ஒன்றே உண்டு. வீட்டுத் தலைவன் நாள்தோறும் அதிலேயே அமர்வது வழக்கமாகிவிடுகிறது. அவ்விடத்தை முறைவைத்துக் கொடுப்பது சிறிய செயல். ஆயினும் அதுவே தானம். ஐதராபாத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவராய் விளங்கிய பாக்ய ரெட்டி வர்மா 1906இல் ஜகன் மித்திர மண்டலியைத் தொடங்கி, அரிகதை வாயிலாக மக்களைக் கூட்டி அறிவு புகட்டினார். ஒன்றாக அமர்ந்து கேட்பதே அம்மக்களுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. அவ்வழியில், மாதம் ஒருநாள் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல படமோ, முதியோர்க்கு அவர்தம் இளமைக்காலப் பாடலோ ஒலிக்குமாயின், அந்த அறை ஊருக்கும் உரியதாகும்.

மூன்றாவது, அழைப்பு உள்ளே எட்ட ஒரு வழி. வாயில் மணியை அழுத்தினால் அறைக்குள் விளக்கு ஒன்று எரியும்படி கம்பி இழுப்பது எளிது. செவிப்புலன் இழந்தோர் இல்லங்களில் அது வழக்கிலும் இருக்கிறது. அத்துணைப் பொருள் செலவிட்டுச் சுவரை எழுப்புவோர் அச்சிறு விளக்கை மறந்துவிடலாகாது.

இன்னும் ஒன்று கூறுவோம். வீதியின் இரைச்சல் ஓயாத நகரில், ஒலிக்கென்று கட்டிய அவ்வறையே கருவிகளை நிறுத்திவிட்டால் வீட்டின் மிக அமைதியான இடமாகும். உபோசத நாளில் கருவிகளைத் துணியால் மூடி, கதவைச் சற்றே திறந்துவைத்து, அங்கேயே அமர்ந்து மூச்சை நோக்குக. திறந்த கதவின் வழியே வீட்டாரின் குரல் வரட்டும். கேட்பதற்கென ஓர் அறையைக் கட்டுவோர் கட்டுக. அழைக்கும் குரலுக்கு எழுந்து வருதலையும் கேட்டலின் ஒரு கூறாகக் கொள்க.