வட்டியைக் குறைக்க வங்கியை மாற்றலாமா?



வீட்டுக் கடனில் இருக்கும் நம் ஜமாஅத்தார் சிலர் கேட்கிறார்கள்: “ஹஜ்ரத், வட்டி குறைவான வங்கிக்குக் கடனை மாற்றினால், அது வட்டிக்கு இன்னொரு கையெழுத்து ஆகாதா?”

நியாயமான பயம். நபி (ஸல்) அவர்கள் வட்டி வாங்குபவரை மட்டும் சபிக்கவில்லை. கொடுப்பவரையும் எழுதுபவரையும் சாட்சிகளையும் சேர்த்தே சபித்தார்கள். 2015இல் வந்த பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில் அரசு வட்டி மானியம் தந்தது. அதனால் அந்தக் கடன் ஹலால் ஆகிவிடவில்லை. மீதி வட்டியை நீங்கள்தானே கட்டுகிறீர்கள்?

ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மீதுள்ள கடமை, சீக்கிரம் வெளியே வருவது. இரண்டு தீங்குகளில் சிறியதை எடு என்பது ஃபிக்ஹின் அடிப்படை. முதலில் உங்கள் வங்கியிலேயே வட்டியைக் குறைக்கக் கேளுங்கள். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், ரெப்போ விகிதத்தோடு இணைந்த வட்டிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதில் புதுக் கடன் இல்லை. மறுத்தால்தான் வேறு வங்கி. மாறும் வட்டியிலுள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது.

ஷைத்தான் உட்கார்ந்திருப்பது இதற்கு அடுத்த இடத்தில். கணக்கைப் பாருங்கள். பாக்கி 10 லட்சம், 15 வருடம், வட்டி 10 சதவீதம். மாதத் தவணை சுமார் 10,746 ரூபாய். வட்டி 8.5 ஆன பிறகும் அதே தவணையைக் கட்டினால் பன்னிரண்டே முக்கால் வருடத்தில் கடன் முடியும், கிட்டத்தட்ட 3 லட்சம் மிச்சம். வங்கிக்காரரோ, “20 வருடமாக்கிக்கொள்ளுங்க பாய், தவணை 8,678தான்” என்பார். கூட்டிப் பார்த்தால் பழைய கடனைவிட ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அதிகம்! கூடவே ‘டாப்-அப்’ என்று 2 லட்சம் நீட்டுவார். மகள் நிக்காஹுக்கு ஆகுமே என்று மனசு சொல்லும். அது முழுக்கப் புதிய ரிபா. சிறிய தீங்கு என்ற சலுகை அதற்குப் பொருந்தாது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை விதித்த பின், சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தவணை மட்டும் நிற்கவில்லை. அப்படிப்பட்ட நெருக்கடியில் ஒருவர் வருடத்தைக் கூட்டினால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது சூரா பகராவின் 280ஆவது வசனம். வங்கி அந்த அவகாசத்துக்கும் வட்டி போடும். நாம் போடமாட்டோம். அச்சகமும் பட்டாசுக் கடையும் வைத்திருக்கிற சகோதரர்களே, தீபாவளி சீசன் லாபத்தில் ஒருவருடைய கடைசி 50,000 ரூபாயையாவது அழகிய கடனாகக் கொடுத்து அடைத்துவிடலாமே. கேட்கக் கூச்சப்படுபவர்கள் கடன் கணக்குத் தாளோடு அஸருக்குப் பிறகு என்னிடம் வாருங்கள்.