துதியும் முறையீடும்

அந்தமான் தலைநகரின் கடலோரப் பகுதிகளுள் ஒன்று ஜங்லிகாட். போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அறிந்திருந்த அந்நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஜங்லிகாட்டில் மீன்பிடித் துறை உண்டு. தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் கலந்து ஒலிக்கும் இடம் அது. 2004 டிசம்பர் 26 அன்று காலை நேர்ந்த நிலநடுக்கத்தில் அங்கிருந்த படகுத்துறை சேதமுற்றது. நகரைச் சூழ்ந்த நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆயினும், தெற்கே கார் நிக்கோபாருக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் இது சிறிதே.

கார் நிக்கோபார் மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமையும்கூட. கரையை ஒட்டியிருந்த ஊர்களைக் கடல் வாரிச் சென்றது. நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 42,068, 2011-இல் 36,842. இக்குறைவு முழுவதற்கும் கடலே காரணம் என்று கூற இயலாது. எனினும் அந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் அழுகுரல் எழுந்திருக்கும்!

இத்தகைய இழப்புக்கு ஆளானவன் இறைவனைத் துதிக்க முடியுமா? முடியும் என்றால், அது உண்மையான துதியா, அன்றி அச்சத்தால் செய்யும் முகத்துதியா?

விவிலியத்தில் யோபுவின் சரிதம் இவ்வினாவிலேயே தொடங்குகிறது. யோபு காரணமின்றியா கடவுளுக்கு அஞ்சி நடக்கிறான் என்று சாத்தான் கேட்கிறான். செல்வமும் மக்களும் நிறைந்திருக்கும்வரை எவனும் துதிப்பான், அவற்றை எடுத்துவிட்டால்? இந்தக் கேள்வி நமக்கும் புதிதன்று. துன்புறுபவன், பொருள் வேண்டுபவன், அறிய விழைபவன், ஞானி என நால்வகை பக்தர்களைக் கீதை கூறுகிறது. பாகவதத்திலோ குந்திதேவி, துன்பங்கள் மீண்டும் மீண்டும் வரட்டும், அப்போதுதானே உன் தரிசனம் கிட்டுகிறது என்று கண்ணனிடம் வேண்டுகிறாள். பெற்ற பொருளுக்காகச் சொல்வது நன்றி; கொடுப்பவன் கொடாதபோதும் அவனையே நோக்கி நிற்பது துதி. இவ்விரண்டையும் நாம் எளிதில் குழப்பிக்கொள்கிறோம். குழந்தையை இழந்த தாய் அந்த இழப்புக்காக நன்றி சொல்ல வேண்டும் என்பது பக்தியாகாது, கொடுமை.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டோர்க்கு ஒரு சொல் சில வேளைகளில் ஒரு நூலையே திறந்துவிடும். தமிழில் சங்கீதம் என்றும் திருப்பாடல்கள் என்றும் நாம் அறியும் விவிலியப் பகுதிக்கு எபிரேய மொழியில் ‘தெஹில்லீம்’ என்று பெயர். ‘துதிகள்’ என்பது அதன் பொருள். தமிழ்ப் பெயர்கள் இசையையும் பாட்டையும் சொல்லி நின்றுவிடுவதால் இதிலுள்ள வியப்பு நம்மை எட்டுவதில்லை. ஏனெனில், அங்குள்ள 150 பாடல்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை புலம்பல்கள். ஏன் மறைந்துகொண்டாய், எதுவரை பொறுப்பது என்று கடவுளிடமே வழக்காடுகின்றன. பெரும்பாலானவை முடிவில் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. 88-ஆம் பாடல் அப்படித் திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதனையும் அந்நூலைத் தொகுத்தோர் நீக்கவில்லை. துதிகளுள் ஒன்றாகவே வைத்தனர். சிலுவையில் ஏசுபிரான் எழுப்பிய கைவிடப்பட்ட குரலும் இந்நூலின் 22-ஆம் பாடலின் தொடக்கமேயாகும்.

அப்படியாயின் முறையீடு துதிக்கு எதிரானதன்று. இறைவனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன் முறையிட மாட்டான். யாரும் கேட்கவில்லை என்று உறுதியாக எண்ணுபவனுக்கு வழக்காட என்ன இருக்கிறது? கேட்கிறான் என்ற நம்பிக்கை அழுகையின் அடியில் கிடக்கிறது. அதுவே துதியின் வேர்.

கார் நிக்கோபாரின் மொழிக்கு விவிலியத்தைக் கொண்டுசென்றதில் முதன்மையானவர் அத்தீவிலேயே பிறந்த ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் கல்வி பயின்று திரும்பி ஆசிரியராகவும், பின்னர் பேராயராகவும் பணியாற்றியவர். 1952-இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்திருந்தபோது ஒற்றர்கள் என்ற ஐயத்தின் பேரில் நிக்கோபாரியர் பலர் கொல்லப்பட்டனர். சிறைப்பட்ட ரிச்சர்ட்சன் மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டார். போருக்குப் பின் அவர் தம் மக்களிடையே பணியைத் தொடர்ந்தார். தம்மவரைப் புதைத்த கரங்களால் வழிபாட்டையும் நடத்த வேண்டியிருந்த ஒருவருக்குத் துதி என்பது துயரத்தை மறக்கும் உபாயமாக இருந்திருக்க முடியாது.

எனவே துதியைப் பிறர்மீது சுமத்துவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பிலிப்பி நகரச் சிறையில் அடிபட்ட காயங்களோடு நள்ளிரவில் பவுலும் சீலாவும் பாடினார்கள்; நீற்றறையில் இடப்பட்ட அப்பர் பெருமான் பாடினார். பாடும்படி அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வெளியே நின்றுகொண்டு உள்ளே இருப்பவனைப் பாடச் சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. யோபுவைக் காண வந்த நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அந்த மௌனம் எவ்வளவு உயர்ந்தது! பிறகு அவர்கள் வாய் திறந்து கடவுளுக்காக வாதாடத் தொடங்கினார்கள். நீதிமான் துன்புறுவதில்லை, ஆகவே நீ பாவியாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். யோபுவோ தாம் பிறந்த நாளையே சபித்தார். கடவுளை நேருக்கு நேர் வினவினார்.

சரிதத்தின் இறுதியில் கடவுள் பேசுகிறார். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே, தமக்காக வாதாடிய நண்பர்கள் அல்லர் என்கிறார். அந்நண்பர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பொறுப்பையும் யோபுவிடமே ஒப்படைக்கிறார்.